சீஸ்டார் எஸ்50: 13 டிகிரி அட்சரேகையில் எவ்வளவு தூரம் போகும்?

சீனாவின் சூச்சோ நகரத்து இசட்.டபிள்யூ.ஓ. நிறுவனம் 2023-ல் கொண்டுவந்த சீஸ்டார் எஸ்50, தொலைநோக்கி, கேமரா, மோட்டார், ஃபில்டர், பேட்டரி எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்த கருவி. எடை சுமார் 2.5 கிலோ. மொட்டைமாடியில் வைத்து மொபைல் ஆப்பில் பொருளைத் தேர்ந்தெடுத்தால், கண்ணில் பட்ட நட்சத்திரங்களைப் படமெடுத்து ஒப்பிட்டுத் தன் திசையை அறிந்து, தானாகவே திரும்பி, ஃபோகஸ் செய்து, எடுக்கும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கத் தொடங்கும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்கள் எழுதியவை. தமிழ்நாடு 8 முதல் 13½ டிகிரிக்குள் இருக்கிறது. இந்த வித்தியாசம் படத்தில் தெளிவாகத் தெரியும்.

காரணம் ஃபீல்ட் ரொட்டேஷன், அதாவது காட்சி மெல்லச் சுழல்வது. கருவி இடம் வலமாகவும் மேல் கீழாகவும் மட்டுமே நகர்கிறது. வானமோ துருவத்தைச் சுற்றுகிறது. அதனால் நடுவில் பொருள் நிலையாக நின்றாலும் ஓரத்து நட்சத்திரங்கள் அதைச் சுற்றி வளைகின்றன. இந்தச் சுழற்சி வடக்கு, தெற்குத் திசைகளில் அதிகம். நேர் கிழக்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய இல்லை. பொருள் உச்சியை நெருங்க நெருங்கக் கூடும். அட்சரேகை குறைந்தாலும் கூடும்: மற்றவை சமமாக இருந்தால், சென்னையில் இது 50 டிகிரி அட்சரேகையில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு.

தெற்கில் 60 டிகிரி உயரத்தில் இருக்கும் ஒரு பொருளுக்கு 30 வினாடி எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்கு ஒளி சேர்க்கும் நேரம்) கொடுத்தால், படத்தின் மூலையில் நட்சத்திரம் 4, 5 பிக்சல் இழுபடும். 10 வினாடியில் ஒன்றரை பிக்சல்தான். 80 டிகிரிக்கு மேல் 10 வினாடிகூடத் தாங்காது. ஆகவே எக்ஸ்போஷரைப் பழக்கத்தால் அல்ல, திசையால் முடிவு செய்ய வேண்டும். சிம்ம மண்டலத்தில் அருகருகே தெரியும் லியோ ட்ரிப்லெட் என்ற மூன்று கேலக்ஸிகள் சென்னையில் கிட்டத்தட்ட நேர் உச்சியில் கடக்கின்றன. அவை கிழக்கில் 35 முதல் 65 டிகிரி உயரத்துக்குள் ஏறும்போது 30 வினாடி தாராளமாகக் கொடுக்கலாம். உச்சியை நெருங்கும்போது வேறு பொருளுக்கு மாறிவிட்டு, மேற்கில் இறங்கும்போது திரும்ப வரலாம். ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து தெற்கில் 30 டிகிரி உயரம்தான் தொடுகிறது என்றாலும் திசை தெற்கு என்பதால் 10 வினாடியே சரி.

இதற்குத் தீர்வாகப் பின்னாளில் அப்டேட்டில் வந்தது ஈக்விடோரியல் மோடு, அதாவது வானத்தைப் போலவே கருவியும் துருவத்தைச் சுற்றித் திரும்பும் முறை. அடிப்பாகத்தின் அச்சைத் துருவம் நோக்கிச் சாய்க்க வேண்டும். லண்டனில் அது பாதிக்குக் கொஞ்சம் மேல் நிமிர்ந்து நிற்கும். சென்னையிலோ தரையிலிருந்து 13 டிகிரிதான், அதாவது கருவி ஏறக்குறைய படுத்துக்கொள்கிறது. உடன் வரும் சிறிய ட்ரைபாட் கவிழ்ந்துவிடும். 3/8 அங்குலத் திருகு உள்ள, முழுதாகச் சாய்க்கக்கூடிய உறுதியான ட்ரைபாட் தலை தேவை. எடை வடக்குப் பக்கம் சாய்வதால் ஒரு காலை நேர் வடக்கே வைத்து, நடுக்கம்பியில் மணல் பையைத் தொங்கவிடுங்கள். துருவ நட்சத்திரம் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் கவலையில்லை. மற்ற திசை நட்சத்திரங்களைப் படமெடுத்தே, அச்சு துருவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஆப் சொல்லும்.

லென்ஸ் 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத்தூரம், எஃப்/5. சோனி ஐஎம்எக்ஸ்462 சென்சார், 1920×1080 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 2.4 விகலை (ஒரு டிகிரியில் 3600 விகலை); மொத்தக் காட்சி 1.3×0.7 டிகிரி. வாங்குமுன் இந்த எண்களைப் பார்த்தே ஆசையை அளவிட வேண்டும். ஓரியன் நெபுலா, ட்ரிஃபிட் நெபுலா, ஒமேகா சென்டாரி அழகாக அடங்கும். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, ஈட்டா காரினே நெபுலா இரண்டும் அடங்காது. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளை எடுத்து ஒட்டும் மொசைக் மோடு உதவும், ஆனால் அதே நேரத்தை அதிகப் பரப்பில் பங்குபோடுவதால் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான பிசிறு) கூடும். ரிங் நெபுலாவின் நீளம் வெறும் 36 பிக்சல். சிறிய கேலக்ஸிகளின் சுருள் கைகளை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற கருவி அல்ல.

உள்ளே இருக்கும் இரட்டைப்பட்டை ஃபில்டர், நெபுலா வாயுக்கள் உமிழும் ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஆக்சிஜன்-3 ஒளியைச் சுற்றிய பகுதிகளை மட்டும் விடுகிறது. நகரத்திலிருந்து லகூன், ரோசெட், ஹீலிக்ஸ் நெபுலாக்களை எடுக்க இது அருமையானது. கருவியின் விலைக்குள்ளேயே இது கிடைப்பது பெரிய விஷயம். கேலக்ஸிக்கும் விண்மீன் கொத்துக்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கும் இதைப் போடாதீர்கள். அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால் ஃபில்டர் பொருளையும் சேர்த்தே வெட்டிவிடும். அவற்றுக்கு ஜவ்வாது மலை போன்ற இருண்ட இடம்தான் மருந்து.

சென்சாருக்குக் குளிர்விப்பு இல்லை. ஏப்ரல், மே இரவுகளில் இரைச்சல் கண்கூடாகக் கூடும். குறைந்தது 2 மணி நேரப் படங்கள் சேர்த்தால்தான் அது அடங்கும். கடலோர ஊர்களில் லென்ஸில் பனி படியும்வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே ஹீட்டரைப் போடுங்கள். அது பேட்டரியைத் தின்னும் என்பதால் யூஎஸ்பி-சி வழியே பவர் பேங்க் இணைத்துவிடுவது நல்லது. திசைகாட்டி அளவுதிருத்தம் செய்யும்போது இரும்புக் கம்பி, கைப்பிடிச் சுவர் கிரில், கார் எதுவும் பக்கத்தில் வேண்டாம். மட்டம் பார்ப்பதில் சோம்பல் கூடாது.

ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சேமிக்கும் வசதி ஆப் அமைப்புகளில் இருக்கிறது. முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். 10 வினாடிப் படங்கள் என்றால் மணிக்கு 360 ஃபிரேம், ஏறத்தாழ 1.5 ஜிபி, உள்ளே 64 ஜிபி உண்டு. கணினியில் இலவச சிரில் மென்பொருளில் மீண்டும் அடுக்கினால், மங்கலான, இழுபட்ட ஃபிரேம்களை நீங்களே கழிக்கலாம். சுழற்சியால் மூலைகளில் குறைவான படங்களே சேர்ந்திருக்கும். அந்த ஓரங்களை முதலில் வெட்டிவிட்டுத்தான் பின்னணி ஒளியை நீக்க வேண்டும். இல்லையென்றால் மூலையின் இருட்டை மென்பொருள் வானத்தின் சாய்வு என்று எடுத்துக்கொள்ளும். அதன்பின் நிறத்திருத்தம், கடைசியில்தான் ஸ்ட்ரெச், அதாவது மங்கலான பகுதிகளைப் பளிச்சென்று தெரியவைப்பது. ஆப்பில் உள்ள ஏஐ இரைச்சல் நீக்கியை மொபைலில் உடனே பகிர மட்டும் பயன்படுத்துங்கள். மெல்லிய நெபுலா இழைகளை அது வழித்துவிடுகிறது.