ஓடும் காரில் தற்படம் எடுக்க உதவும் மூன்று கப் தாங்கி: டெல்டாச் சாலைகளில் ஒரு மதிப்பீடு

காரும் அதை ஓட்டுபவரின் முகமும் துல்லியமாக நிற்க, சாலையும் மரங்களும் மட்டும் கோடுகளாக இழுபட்டுத் தெரியும் படத்தைப் பார்ப்பவர்கள், அந்தக் கார் நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருந்தது என்றே எண்ணுவார்கள். பெரும்பாலும் அது ஆள் நடக்கும் வேகத்தில்தான் நகர்ந்திருக்கும். கேமரா காரோடு பிணைக்கப்பட்டிருப்பதால் கார் அதற்கு அசையாப் பொருளாகிவிடுகிறது; ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் உலகம்தான் பின்னோக்கி ஓடுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் ஏறத்தாழ 1.4 மீட்டர் நகரும். சக்கரம் முக்கால் சுற்றுக்கு அருகில் வந்துவிடும். வேக உணர்வுக்கு அதுவே தாராளம். ஆகவே இந்தப் படம் அமைவதும் கெடுவதும் கேமராவைக் காரோடு பிணைக்கும் தாங்கியைப் பொறுத்தது.

நான் பயன்படுத்தி வருவது மூன்று ரப்பர் கப்களும் அலுமினியக் குழாய்களும் கொண்ட பம்ப் வகைத் தாங்கி. ஒவ்வொரு கப்பின் பக்கவாட்டிலும் கட்டைவிரல் அளவில் ஒரு பம்ப் இருக்கிறது. அதை அழுத்த அழுத்த உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. பம்பின் தண்டில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அது மறைந்திருக்கும்வரை பிடிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். கோடு மெல்ல வெளியே தலைகாட்டத் தொடங்கினால் காற்று உள்ளே கசிகிறது, உடனே மீண்டும் பம்ப் செய்ய வேண்டும். நெம்புகோலை மடக்கிப் பூட்டும் மலிவான கப்களில் இந்த எச்சரிக்கை கிடையாது. அவை விழும்போதுதான் விஷயம் தெரியும். விலை உயர்ந்த கேமராவைக் காருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் தள்ளித் தொங்கவிடுகிறவருக்கு அந்தச் சிவப்புக் கோடு ஒன்றுக்காகவே இந்த வகையைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் கப் பிடிப்பது வெளிக்காற்றின் அழுத்தத்தால். விளிம்பில் ஒரு நூலிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் பயன்படாது. தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும்போது நம் ஊர்ச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காயும். காற்றில் சுணை பறக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வைக்கோல் துகள் விளிம்புக்கடியில் சிக்கினால் போதும், பம்ப் செய்து நிமிர்வதற்குள் சிவப்புக் கோடு வெளியே வந்துவிடும். ஈரத்துணியால் பானெட்டையும் ரப்பரையும் துடைத்து, நன்கு உலரவிட்டுப் பொருத்த வேண்டும். மார்கழி அதிகாலையில் பனி இறங்கிய தகட்டில் கப் வழுக்கிக்கொண்டே போகும். நண்பகல் வெயிலில் வேறு சிக்கல்: தகடு சூடேறும்போது கப்புக்குள் எஞ்சிய காற்று விரிந்து பிடிப்பைத் தளர்த்துகிறது. பானெட்டின் மெல்லிய நடுப்பகுதியில் பொருத்தினால் தகடு நெளியும். ஓரத்தை ஒட்டியோ முன் கண்ணாடியிலோ பொருத்துவது நல்லது.

இரண்டாவது பெரிய எதிரி அதிர்வு. எஞ்சின் ஓடினால் அந்த நடுக்கம் குழாய் வழியே பெருகிக் கேமராவை அடைகிறது. மலையோர ஊர்களில் எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் காரை உருளவிடுவார்கள். டெல்டாவில் இறக்கத்துக்கு எங்கே போவது? ஆற்றங்கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவுகள் செங்குத்தாகவும் குட்டையாகவும் இருக்கின்றன. அங்கே இதைச் செய்யவே கூடாது. பின்னாலிருந்து இருவர் தள்ளுவதுதான் நமக்குள்ள வழி. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதால் சாவி ‘ஆன்’ நிலையிலேயே இருக்க வேண்டும்; எஞ்சின் உதவி இல்லாததால் பிரேக் கனமாக இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். நாங்கள் குடமுருட்டிக் கரையருகே உறவினர் தோப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர், “வண்டி நின்னுபோச்சா தம்பி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாமும் கைகொடுத்தார். அவர் தள்ளிய சீரான வேகத்தில் எடுத்த படமே அன்று எனக்குப் பிடித்ததாக அமைந்தது.

இடத்தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். விரிந்த பசும் வயல்தான் டெல்டாவின் அழகு என்பதால், முதலில் எவருக்கும் அதையே பின்னணியாக வைக்கத் தோன்றும். ஆனால் 60 மீட்டர் தொலைவில் உள்ள வரப்பு, 3 மீட்டரில் உள்ள மரத்தைவிட ஏறத்தாழ இருபது மடங்கு மெதுவாகவே படத்துக்குள் நகரும். வயல் கோடுகளாக இழுபடாமல் மங்கிய பச்சையாக நின்றுவிடுகிறது. வேகம் தெரிய வேண்டுமானால் பக்கத்திலேயே ஏதாவது ஓட வேண்டும். நெருக்கமாக நட்ட தென்னை வரிசை, மூங்கில் கொல்லை, வாய்க்காலை ஒட்டிய கட்டைச்சுவர் ஆகியவற்றுக்கு நடுவே எடுத்தால் இருபுறமும் கோடுகள் பாய்வது போல வரும். பாதை சிமென்ட் போட்டதாக இருக்க வேண்டும். மண்பாதையின் ஒரு சிறு குழிகூடக் குழாயை ஆட்டிவிடும்.

வெளிச்சக் கணக்கு எளிது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 16 என்று வைத்தால் ஷட்டர் 1/125 நொடி அளவில் நிற்கும். ஒளியை ஆறு ஸ்டாப், அதாவது ஆறு முறை பாதி பாதியாக, குறைக்கும் என்டி64 என்ற கருங்கண்ணாடி ஃபில்டர் அந்த நேரத்தை அரை நொடிக்குக் கொண்டுவரும். மாலையில் இன்னும் நீட்டலாம். முகம் தெரிய வேண்டிய தற்படம் என்பதால் முன் கண்ணாடியில் விழும் வானத்தையும் தென்னங்கீற்றுகளையும் போலரைசர் என்ற, பிரதிபலிப்பை வடிகட்டும் ஃபில்டரால் குறைப்பது அவசியம். அது கூடுதலாக ஒன்றிரண்டு ஸ்டாப்பை எடுத்துக்கொள்ளும், கண்ணாடியை நேரே பாராமல் சாய்வாகப் பார்க்கும்போதே நன்கு வேலை செய்யும். ஃபோகஸைக் கையால் பூட்டிவிடுங்கள். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை நான் ஏற்கவில்லை. கேமராவே சில நொடிகளுக்கு ஒருமுறை தானாக எடுக்கும்படி அமைத்துவிட்டால் இரு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கும். தலையை இருக்கையின் தலையணையில் சாய்த்துக்கொண்டால் முகம் கலங்காது.

தாங்கியின் குறைகளில் முதன்மையானது குழாய் இணைப்புகளின் பிளாஸ்டிக் திருகுகள். எவ்வளவு இறுக்கினாலும் கேமராவின் எடை அவற்றை மெல்லத் தளர்த்துகிறது. உலோகத் திருகுகள் தந்திருக்க வேண்டும். பாதுகாப்புக் கயிறு பெட்டியில் இல்லை என்பதை மன்னிக்கவே முடியாது. தனியே ஒரு பெல்ட் வாங்கி, கேமராவை ஜன்னல் வழியாகக் காருக்குள் கட்டாமல் ஒரு அடிகூட நகர வேண்டாம். குழாய் நீட்டிய காரைப் பொதுச்சாலைக்குக் கொண்டுசெல்லவும் வேண்டாம். எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைக்கு அந்தக் குழாய் கண்ணில் படாது.

படத்தில் விழும் குழாயைப் பிறகு கணினியில் அழித்தாக வேண்டும். இதில் கருமை பூசிய குழாய் கொண்ட தாங்கியே மேல், ஏனெனில் வெள்ளி நிறக் குழாய் காரின் பெயின்ட்டில் தன் பளபளப்பையும் பதிக்கிறது, அதைத் துடைப்பது குழாயைத் துடைப்பதைவிடக் கடினம். நிழல் விழாத மேகமூட்டமான நாளில் எடுத்தால் அந்த வேலையில் பாதி குறைந்துவிடும்.