வேப்பமரத்தடிக் கரிசலுக்கு எது சரி: மருளா, சேம்பா, சித்தரத்தையா?

எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம். கொல்லையில் பெரிய வேம்பு. அதனடியில் காலையில் கொஞ்ச நேரம்தான் வெயில் விழும். ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் நிற்கிற செடியாக அங்கே வேண்டும் என்றேன். "நிழல்ல எதுவும் வராது" என்றார்கள். ஆறு வருடம் வைத்துப் பார்த்ததில் நிழலால் செத்த செடி ஒன்றுகூட இல்லை. செத்ததெல்லாம் மண்ணால்தான்.

கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் குழியில் நின்ற தண்ணீர் நாள்கணக்கில் இறங்காது. சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். குனிந்து பார்த்தால் வெடிப்பின் இரண்டு பக்கமும் அறுந்த வேர்நுனிகள் தெரியும். மிச்ச ஈரத்தை வேம்பின் வேர் இழுத்துக்கொள்ளும். ஆக, இங்கே வைக்கிற செடி ஊறலையும் தாங்க வேண்டும், வறட்சியையும் தாங்க வேண்டும்.

வறட்சியைத் தாங்குவதில் மருளை (ஸ்நேக் பிளான்ட்) மிஞ்ச ஆளில்லை. தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும் என்பதால் பகல் வெப்பத்தில் நீரிழப்பு குறைவு. ஆனால் மழைக்காலத்தில்தான் அதற்குக் கண்டம். முதல் வருடம் பள்ளத்தில் வைத்துவிட்டேன். கார்த்திகை முடிவில் ஒரு இலையைப் பிடித்து லேசாக இழுத்தேன். அடிப்பகுதி கூழாகிக் கையோடு வந்துவிட்டது. மேட்டில், தண்ணீர் ஊற்றவே மறந்துபோகிற மூலையில் வைத்தவை இன்றும் நிற்கின்றன.

சேம்பு இதற்கு நேர் எதிர். எவ்வளவு ஊறினாலும் சிரித்துக்கொண்டு நிற்கும். இலையில் விழுந்த மழைத்துளி பாதரசம் மாதிரி உருள்வதைப் பார்ப்பதற்கே வளர்க்கலாம். கோடையில் தண்ணீர் கிடைக்காவிட்டால் இலை கருகும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மறுமழைக்குத் துளிர்க்கும் என்றாலும் நான்கு மாதம் இடம் மொட்டையாகத்தான் கிடக்கும். குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடம் இருந்தால் யோசிக்காமல் சேம்பு வையுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

கற்பூரவல்லியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடர்நிழலில் தண்டு நீண்டு இலை சிறுத்துவிடுகிறது. தொட்டியில் இருக்கட்டும்.

என் ஓட்டு சித்தரத்தைக்கு. இஞ்சிக் குடும்பம், தென்னந்தோப்பு நிழலில் ஊடுபயிராகவே வருகிற செடி. இலையைக் கசக்கினாலே வாசம் தூக்கும். கிழங்கு முற்றச் சில வருடம் ஆகும் என்பதை நான் குறையாக நினைக்கவில்லை, அதுவரை அடிக்கடி தோண்டி வேம்பின் வேரை வெட்ட வேண்டியதில்லையே. ஆனால் கரிசலில் அப்படியே நட்டால் இதுவும் அழுகும். நான் மரத்தூரிலிருந்து மூன்றடி தள்ளி, முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டேன்: மக்கிய சாணம், இலைமக்கு, கொஞ்சம் கரிசல். தூரை ஒட்டி மண் ஏற்றினால் பட்டை அழுகும், ஜாக்கிரதை. மணலைக் கொஞ்சமாகக் கலப்பதும் வீண்வேலை. களியோடு சேர்ந்து இறுகிப்போகும்.

இரண்டாம் வருடம் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. எங்கள் மண்ணில் சுண்ணாம்புக் கற்கள் அதிகம். அந்தக் காரத்தன்மையில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. மக்கு உரத்தைக் கூட்டி, உதிர்ந்த வேப்பஞ்சருகைப் பெருக்காமல் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காக விட்டேன். புது இலைகள் பச்சையாக வந்தன. அப்புறம் அந்தச் சித்திரையில் சுற்றிலும் தரை வெடித்துக் கிடந்தபோது சருகை விலக்கிப் பார்த்தேன். பாத்தியில் ஒரு கீறல்கூட இல்லை. மண் விரலில் ஈரமாக ஒட்டியது.