தெள்ளுக்கு ஃபிரண்ட்லைன் பிளஸ் சொட்டு மருந்து: எப்போது கேட்கும், எப்போது கேட்காது

நாய் வாலடியை விடாமல் கடிக்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்குக் கணுக்கால் பக்கம் மட்டும் தடித்துச் சிவக்கிறது என்றால், மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு வெள்ளைத் தாளை நனைத்து எடுங்கள். நாயின் இடுப்பு முடியைப் பேன் சீப்பால் வாரினால் மிளகுத்தூள் போல ஏதாவது உதிரும். அதை ஈரத்தாளில் தட்டுங்கள். வெறும் புழுதி அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்புச் சாயம் இறங்கும். அது செரித்த ரத்தம். சாயம் இறங்கினால் இந்த மருந்து உங்களுக்குத்தான்.

நாய்க்கான பிளஸ்ஸில் இரண்டு சரக்கு இருக்கிறது: ஃபிப்ரோனில் 9.8%, எஸ்-மெத்தோப்ரீன் 8.8%. முதலாவது வளர்ந்த தெள்ளின் நரம்பைத் தாக்கி ஒரு நாளுக்குள் கொல்லும். இரண்டாவது முட்டையும் புழுவும் மேற்கொண்டு வளராமல் நிறுத்தும். மருந்து ரத்தத்துக்குள் போய் வேலை செய்வதில்லை. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, எண்ணெயோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கு வருகிறது. இதை மனதில் வைத்தால், "போட்டேன், கேட்கவில்லை" என்ற புகாரில் பாதிக்குக் காரணம் தெரிந்துவிடும். முதல் நாள் ஷாம்பு போட்டுத் தேய்த்த தோலில் எண்ணெய் இருக்காது. வேப்பெண்ணெய் பூசிய முடியில் விட்டால் மருந்து தோலை எட்டாது. போடுவதற்கு முன் இரண்டு நாள், போட்ட பின் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. குளம், கிணற்றுத் தொட்டி பக்கமும் விடக் கூடாது, ஃபிப்ரோனில் மீனுக்கு நஞ்சு.

அளவு எடை பார்த்துத்தான். 10 கிலோ வரை 0.67 மில்லி, 20 வரை 1.34, 40 வரை 2.68, 60 வரை 4.02. கண்ணளவு வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். பெரிய குப்பி ஒன்றை வாங்கி இரண்டு சின்ன நாய்க்குப் பங்கு போடுவது போலிச் சிக்கனம். சொட்டில் சமமாகப் பிரிக்க முடியாது, ஒன்றுக்குக் குறைந்துவிடும்.

விடும் இடம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, நாயின் நாக்கு எட்டாத இடம். குப்பியின் நுனியை ஒடித்து, வெள்ளைத் தோல் கோடாகத் தெரியும்வரை முடியை வகிர்ந்து, நுனி தோலில் படும்படி அழுத்திக் காலி செய்யுங்கள். முடிமேல் விட்டால் அங்கேயே பிசுபிசுத்து நின்றுவிடும். காயும்வரை குழந்தைகள் தொட வேண்டாம், அன்றிரவு நாயோடு படுக்கவும் வேண்டாம். நக்கிவிட்டால் சற்று நேரம் எச்சில் வடியும், பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

பூனைக்குத் தனிக் குப்பி, 0.5 மில்லி. இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வரும் ஃபிரண்ட்லைன் டிரை-ஆக்ட் பார்க்க ஒரே குடும்பம் மாதிரிதான் இருக்கும், ஆனால் அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உண்டு. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு வந்து செத்தும் போகலாம். மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்த டெல்டாமெத்ரினைக் கரைத்துப் பூனைமேல் பூசுவதும் அதே ஆபத்துதான். முயலுக்கு ஃபிப்ரோனில் எந்த வடிவத்திலும் ஆகாது. 8 வாரம் ஆகாத குட்டிக்குச் சொட்டு மருந்து கூடாது. அதற்கு ஃபிப்ரோனில் 0.25% ஸ்பிரே இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு அடிக்கலாம்.

இனி, பெட்டியின் முகப்பில் எழுதாத விஷயம். நாய்மேல் துள்ளும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். ரத்தம் குடித்த ஓரிரு நாளில் பெட்டை முட்டையிடத் தொடங்கும், ஒரு நாளைக்கு 20, 30 என்று. முட்டை வழுவழுப்பானது, முடியில் ஒட்டாது. நாய் படுக்கும் சாக்கு, தேங்காய் நார் மிதியடி, கட்டிலுக்கடி, டைல்ஸ் இடுக்கு என எங்கும் உதிரும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இடுக்கில் ஒதுங்கி, உதிர்ந்த எச்சத்தையே தின்னும். பிறகு பட்டுக்கூடு கட்டும். கூட்டின் பசையில் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குப் புழுதி உருண்டை மாதிரிதான் தெரியும். அந்தக் கூட்டுக்குள் எந்தப் பூச்சி மருந்தும் இறங்காது. மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக் காற்றும் பட்டதும் வெளியே குதிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கும்பலாகத் தெள்ளு பாய்வது இதனால்தான்.

ஆகவே மருந்து போட்ட இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நாய்மேல் புதுத் தெள்ளு தெரிந்தால் மருந்து தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். கூட்டிலிருந்து வந்து ஏறிச் சாகப்போகிறவை அவை. குறைந்தது மூன்று மாதம், மாதம் ஒருமுறை, வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நாளில் போட வேண்டும். கூடவே படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி உச்சி வெயிலில் காய வையுங்கள். ஈரம் குறைந்தால் புழு வற்றிச் சாகும். மழைக்குப் பிறகு தெள்ளு பெருகுவதும் இந்த ஈரத்தால்தான். கூட்டிய குப்பையை மூலையில் சேர்க்காமல் உடனே சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள்.

உண்ணிக்காக மட்டும் வாங்குகிறவர்களுக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டோம். உண்ணி சாக இரண்டு நாள் ஆகும், அதுவரை கடித்தபடியே தொங்கும். உண்ணி மொய்க்கும் இடத்தில் அஃபாக்ஸோலானர், ஃப்ளூரலானர் மாத்திரைகள் மேல், ஆனால் வலிப்பு வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது. நாய் தெள்ளைக் கடித்து விழுங்கினால் நாடாப்புழு வரும். ஆசனவாய்ப் பக்கம் அரிசி மாதிரி ஊர்ந்தால் பிராசிகுவான்டெல் தனியாகத் தர வேண்டும், இந்தச் சொட்டு அதைத் தொடாது.

வேலை நடக்கிறதா என்று பார்க்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, தரையில் அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து, ஒரு சின்ன விளக்கை அதன்மேல் தாழக் கட்டுங்கள். காலையில் விழுந்து கிடப்பதை எண்ணிக் குறித்து வையுங்கள். முதல் மாதம் ஏறியிறங்கும். மூன்றாம் மாதத்திலும் குறையவில்லை என்றால் மருந்தை மாற்றும் முன், இரவில் கொல்லைப்புறம் வந்து படுக்கும் பூனை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.