ரிவெர்பா, டிலேயா?

சின்தசைசரில் ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்தி, அதை அறை முழுக்கப் பரவும் ஒலிவெளியாக மாற்ற வேண்டும். ஒரு எஃபெக்டுக்குத்தான் இடம் என்றால் எதை எடுப்பது?

ரிவெர்ப் (பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோல ஒலியை நீட்டும் எஃபெக்ட்) சுலபம். டிகே நேரத்தை, அதாவது ஒலி தேய்ந்து மறைய எடுக்கும் நேரத்தை, 8 அல்லது 10 வினாடிக்கு நீட்டினால் போதும், ஒலி புகைபோலப் படரும். தொல்லையும் அங்கேதான். கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாற்றும்போது பழைய கார்டின் வால் புதியதோடு மோதும், அடிஸ்தாயி சேறாகிவிடும். ரிவெர்புக்குள் போகும் ஒலியில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

டிலே வேறு ரகம். ஸ்வரத்தைக் கரைக்காது, திருப்பிச் சொல்லும். 1970களில் இசைக்கலைஞர்கள் பிரையன் ஈனோவும் ராபர்ட் ஃபிரிப்பும் இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு இடையே ஒரே டேப்பை ஓடவிட்டுச் செய்ததும் இதுதான்: ஒன்று பதியும், மற்றது சில வினாடி கழித்து வாசித்து, முதலாவதற்கே திருப்பி அனுப்பும். ஃபீட்பேக்கை (இப்படித் திருப்பி அனுப்பும் ஒலியின் அளவை) 70, 80 சதவீதத்தில் வைத்து, டிலே நேரத்துக்கான குமிழை மெல்லத் திருகிப் பாருங்கள். டேப் பாணி டிலே என்றால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். ஃபீட்பேக் 100ஐத் தாண்டினால் ஒலி தானாகவே பெருகி அலறும். (ஹெட்போனைப் பிடுங்கி எறிந்த அனுபவம் எனக்கு உண்டு.)

என் ஓட்டு டிலேவுக்கு. ரிவெர்ப் எதைக் கொடுத்தாலும் அழகாக்கிவிடுவதால், சின்த் ஒலியில் உள்ள குறை காதில் படாமலே போகும்.

சரி, இரண்டும் இருந்தால்? டிலே முன்னால், ரிவெர்ப் பின்னால். எதிரொலிகளின் விளிம்பு மழுங்கும். வரிசையை மாற்றினால் மொத்த மூட்டமும் அலை அலையாகத் திரும்பி வரும்; சில நேரம் அதுவும் வேண்டியதுதான்.