அறுபடை வீடு குழு யாத்திரை: சாப்பாடு நன்று, பழனிக்கு நேரம் போதாது

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவரம். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், ஆறு படைவீடும் பார்க்க ஆசைப்படுகிறார்கள், தமிழ்நாட்டில் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை என்றால் இப்படி ஒரு குழுவோடு போவதுதான் சரி. ஆனால் அவர்கள் நீட்டுகிற அட்டவணையை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே, பழனியில் எத்தனை மணி நேரம், எந்த வேளையில் என்று கேட்டுவிடுங்கள்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நம் மொரீஷியஸில் யாரைச் சொன்னாலும் யாருக்காவது சித்தப்பா ஆகிவிடுவார். ரோஸ் ஹில், கத்ர் போர்ன் பக்கம் விசாரித்தால் இதே மாதிரி கூட்டிப்போகிறவர்கள் பலர் கிடைப்பார்கள், அட்டவணையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே நான் எழுதுவது எல்லோருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

விசாவில் தொடங்குகிறேன். கட்டண விவரத்தில் 'இந்திய விசா' என்று ஒரு தொகை போட்டிருந்தார்கள். மொரீஷியஸ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தியாவின் இ-விசாவுக்குக் கட்டணமே கிடையாது. கேட்டதும், "அது விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதற்கு, மாடாம்" என்றார்கள். அப்படியானால் அப்படி எழுதலாமே? நானே கைபேசியில் நிரப்பிக்கொண்டேன், தொகையைக் கழித்துவிட்டார்கள். கேட்காதவர்கள் கட்டினார்கள்.

இனி நல்லதைச் சொல்ல வேண்டும், அது நிறையவே இருக்கிறது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு வேனில் சமையல் குழு வந்தது. கும்பகோணம் பக்கத்துக்காரர் ஒருவர் தலைமை, கூட இரண்டு பெண்கள். காலையில் பொங்கல், இட்லி; மதியம் எங்காவது மண்டபத்திலோ சாலையோர மரத்தடியிலோ வாழை இலை போட்டுச் சாதம், சாம்பார், இரண்டு பொரியல், மோர். எங்கள் குழுவில் பலர் கறி மீன் விட்டு விரதம் பிடித்து வந்தவர்கள். கடைச் சாப்பாட்டில் என்ன கலந்திருக்குமோ என்ற பயமே இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டாம் நாளே எங்கள் தாந்தீன்மார் (கிரியோலில் அத்தை, சித்தி வயதுப் பெண்கள்) அடுப்பங்கரைக்குள் நுழைந்து, நம்மூர் ரசோன், அதாவது ரசம், பூண்டைத் தட்டிப்போட்டு எப்படிக் கெட்டியாக இருக்கும் என்று அந்தச் சமையல்காரருக்குப் பாடம் எடுத்தார்கள். மனிதர் கோபப்படவில்லை, மறுநாள் வைத்தே காட்டினார். நாங்கள் கொண்டுபோயிருந்த மொரீஷியஸ் புவா ஷெரி வனிலா டீயை மட்டும் அவர் நம்பவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது கேக்கு வாசம் அடிக்குதே" என்றார்.

தங்கிய இடங்களும் சுத்தம். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளத்து அறை, மேற்கத்திய கழிப்பறை என்று பட்டியல் வைத்தே கொடுத்தார்கள். ஒரு முதியவருக்கு மதுரையில் ரத்த அழுத்தம் ஏறியபோது இரவோடு இரவாக மருத்துவரை அழைத்துவந்தார் எங்கள் வழிகாட்டித் தம்பி. திண்டுக்கல் பையன், பொறுமைசாலி. எங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தேவாரம் மனப்பாடமாக வரும், ஆனால் தமிழில் "தண்ணீர் எங்கே கிடைக்கும்" என்று கேட்க வராது. பேச்செல்லாம் கிரியோல்தான். அவர் சொன்னதை நான் கிரியோலில் சொல்ல, இவர்கள் கேட்டதை அவருக்கு நான் தமிழில் சொல்ல, பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளுக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரிதான்.

குறை முழுவதும் அட்டவணையில்தான். விமானச் சீட்டையும் பள்ளி விடுமுறையையும் பார்த்துப் போட்ட அட்டவணை, பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் போட்டது. நமக்கு ஜூலை, ஆகஸ்ட் என்றால் குளிர்காலம், விடுமுறை. அங்கே அது ஆடி. திருத்தணிக்கு நாங்கள் போன அன்று ஆடிக் கிருத்திகைக் கூட்டம். திருத்தணியில் வருடத்தின் பெரிய நாளே அதுதான். ஆயிரமாயிரமாய்ப் புஷ்பக் காவடி வரும், சரவணப் பொய்கையில் தெப்பம் நடக்கும். மலைமேல் வரை வண்டி போகிற கோயில் என்பதால் ஒரு மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், வருடத்துக்கு ஒன்றாக 365 படி ஏறத்தான் வேண்டியிருந்தது. காவடிக் கூட்டத்துக்கு நடுவே "அரோகரா" கேட்டுக்கொண்டு ஏறியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை முன்பே சொல்லியிருந்தால் சக்கர நாற்காலியோடு வந்தவர்கள் அன்று விடுதியிலேயே இருந்திருப்பார்கள்.

சுவாமிமலை சுகம். அறுபது படிதான், தமிழ் வருடங்கள் அறுபதின் பெயரில். ஒவ்வொருவரும் பிறந்த வருடத்துப் படியைத் தேடி நின்றுகொண்டார்கள். திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் ஒரே நாளில் முடிந்தன, திருச்செந்தூரில் கடலைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. இவற்றைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

பழனிக்கு வருகிறேன். தைப்பூசக் காவடி எடுக்கிற நமக்குப் பழனி மற்ற ஐந்தைப் போல இல்லை. பத்து நாள் விரதம் இருந்து, சொம்புப் பால் திரியாமல் நம்மூர் கோர் தெ கார்த் மலைச்சரிவுக் கோயில் வரை கொண்டுசேர்க்கிறோமே, அந்தக் காவடிக்குக் கதை இங்கேதான். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் தோளில் தூக்கிவந்த இடும்பன் இறக்கிவைத்த இடம் இது. படியில் ஏறும்போது வழியில் இடும்பனுக்குத் தனிச் சன்னிதி இருக்கிறது. அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். எதிரே இடும்பன் மலையும் தெரிகிறது. இத்தனையும் உள்ள ஊருக்கு அட்டவணையில் போட்டிருந்தது: 'மாலை 4 மணி வருகை, ரோப் காரில் தரிசனம், 7 மணிக்கு மதுரை புறப்பாடு.'

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது சும்மாவா? காற்று பலமானால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள், அது பாதுகாப்புக்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிறுத்தியிருந்தார்கள். விளம்பரத் தாளில் ரோப் கார் படத்தைப் பெரிதாகப் போட்டவர்கள், அதற்கு மாற்று ஒன்று யோசிக்கவில்லை. இன்னொன்று, மலையைச் சுற்றிவரும் கிரிவீதிக்குள் வெளிவண்டிகளை இப்போது விடுவதில்லை. தேவஸ்தானத்தின் பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன, அதற்கும் வரிசை. ரோப் கார் நின்றுபோனால் அந்தக் கூட்டமெல்லாம் விஞ்ச்சுக்கு, அதாவது மலைமேல் தண்டவாளத்தில் இழுத்துப்போகிற வண்டிக்கு, வந்துவிடும். விஞ்ச்சில் ஏறினால் சுமார் எட்டு நிமிடத்தில் மேலே போய்விடலாம், ஏறுவதற்குத்தான் மணிக்கணக்கு.

வழிகாட்டித் தம்பி குழுவை மூன்றாகப் பிரித்தார். முடியாதவர்கள் விஞ்ச் வரிசைக்கு. தெம்பிருப்பவர்கள் 693 படியில். நடுவில் இருப்பவர்கள் யானைப் பாதையில். நான் யானைப் பாதை. படி அவ்வளவு செங்குத்தாக இருக்காது, சரிவாக வளைந்து வளைந்து போகும். எங்களோடு வந்த ஒரு தாந்தீன் ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடியில் சாய்ந்து, "ஆயோ, மோ ஜெனு!" என்று முழங்காலைப் பிடித்துக்கொள்வார். பின்னால் வந்த கொங்கு நாட்டுப் பாட்டி ஒருவருக்குக் கிரியோல் எப்படிப் புரிந்ததோ, இடுப்பிலிருந்து தைல புட்டியை எடுத்து, "சேலையைக் கொஞ்சம் தூக்கு கண்ணு" என்று அங்கேயே உட்காரவைத்துத் தேய்த்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமலே மேலே வரை பேசிக்கொண்டே வந்தார்கள்.

கைபேசி விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நீதிமன்ற உத்தரவுப்படி 2023 அக்டோபரிலிருந்து கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. கீழேயே பாதுகாப்பு மையத்தில் 5 ரூபாய் கட்டி வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் மூன்றாகப் பிரிந்த குழு ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? போதாததற்கு எங்களில் இரண்டு ஆண்கள் கீழே முடி இறக்கிச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். மேலே எந்தப் பக்கம் திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். ஒருவரின் மனைவி வேறு யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனிதரும் பாவம், பேசாமல் வந்திருக்கிறார்.

சன்னிதியில் எங்களுக்குக் கிடைத்தது சாயரட்சை என்கிற மாலைப் பூஜைக்குப் பிந்தைய ராஜ அலங்காரம். காலையில் கோவணாண்டியாகத் தண்டூன்றி நிற்பவர், மாலையில் கிரீடமும் பட்டுமாக அரசர். போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்து, செய்த மூர்த்தி என்பது மரபு, அந்தப் போகரின் சமாதியும் மேலே பிராகாரத்திலேயே இருக்கிறது. நகர்த்திக்கொண்டே இருந்தார்கள், ஆனாலும் முகத்தைப் பார்த்துவிட்டேன். ஆண்டிக் கோலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் விடியலில் வர வேண்டும். மதுரை விடுதியில் படுத்திருப்பவர்களுக்கு அது எப்படி முடியும்?

வெளியே வந்தபோது மணி ஏழை நெருங்கியது. தங்கரதம் புறப்படத் தயாராக நிற்கிறது. பஸ் கீழே கிளம்பத் தயாராக நிற்கிறது. நிறுவனத்தின் மேலாளர் கீழே இருக்கிறார், தம்பியின் கைபேசியும் லாக்கரில் இருக்கிறது, யாரும் யாரையும் கூப்பிட முடியாது. தம்பி ஒரு நிமிடம் யோசித்தார். "அம்மா, விஞ்ச்சில வர்றவங்க இன்னும் தரிசனம் முடிக்கல. அவங்க வர்ற வரைக்கும் நாம இங்கதான இருக்கணும்?" என்றார் சிரிக்காமல். மேற்குத் தொடர்ச்சி மலை இருட்டாகிக்கொண்டிருக்க, நாதஸ்வரத்தோடு தேர் பிராகாரம் சுற்றி வந்தது. விளம்பரத் தாளில் இல்லாத அந்த அரை மணி நேரத்துக்காகவே கொடுத்த பணம் தகும். கீழே மேலாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதுரை போய்ச் சேர நள்ளிரவு ஆனது, அந்தப் பழி தம்பி தலையில் விழுந்தது. எங்கள் குழுவில் பெரியவர்கள் நாலு பேர் எழுந்து பேசியதால் அத்தோடு போயிற்று.

இதே நிறுவனம் கடைசியில் சென்னையில் தி.நகருக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தது. ஒரு முழு நாள்! புடவைக் கடைக்கும் நகைக் கடைக்கும் பஸ்ஸே கொண்டுபோய் விட்டது, எந்தக் கடை என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளைப் பழனிக்குக் கொடுத்து, அடிவாரத்தில் ஓர் இரவு தங்கவைத்திருந்தால் முதல் நாள் மாலை தங்கரதம், மறுநாள் விடியலில் நடை திறந்ததும் விஸ்வரூப தரிசனம், அப்புறம் அடிவாரத்தில் திருஆவினன்குடி கோயில் என்று எல்லாம் நிதானமாக முடிந்திருக்கும். உண்மையில் படைவீடு என்று திருமுருகாற்றுப்படை என்ற பழைய பாட்டில் வருகிற இடமே அந்தத் திருஆவினன்குடிதான். நாங்கள் அதைப் பஸ் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டோம்.

பஞ்சாமிர்தம் பற்றி ஒரு வார்த்தை. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. தேவஸ்தான விற்பனை நிலையத்திலேயே வாங்குங்கள், டப்பா நன்றாக அடைத்திருக்கும். அதைப் பெட்டிக்குள் வைத்துச் சாமான்களோடு அனுப்பிவிடுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், குழைவான பண்டம் எல்லாமே திரவக் கணக்குதான். எங்கள் குழுவில் ஒருவருடைய டப்பாக்கள் சென்னை விமான நிலையத்திலேயே நின்றுவிட்டன.

நிறுவனம் அடுத்த குழுவுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டது. போகிறவர்கள் மூன்று கேளுங்கள்: தேதி எந்தக் கிருத்திகை, எந்த விசேஷத்தோடு மோதுகிறது, பழனியில் இரவு தங்கல் உண்டா, ரோப் கார் நின்றால் வயதானவர்களை எப்படி ஏற்றுவீர்கள். இரவு தங்கலுக்குக் கூடுதல் பணம் என்பார்கள். தி.நகர் நாளைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திண்டுக்கல் தம்பிதான் வழிகாட்டியாக வருகிறாரா என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.