சின்ன நர்சிங் ஹோமில் முதுகு ஊசி போட்டு ஹெர்னியா ஆபரேஷன்: ஐந்துக்கு மூன்றரை

அப்பாவுக்கு ஹெர்னியா. சின்ன இடத்தில் மயக்கம் கொடுத்தால் ஏதாவது ஆகிவிடும், பேசாமல் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விடு என்று சித்தப்பா ஒரே பிடிவாதம். ஆனாலும் எங்கள் ஊர் நர்சிங் ஹோமிலேயே செய்தோம். பெயர் போடவில்லை, ஏனென்றால் சில குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லது. தொப்புளுக்குக் கீழே செய்கிற ஆபரேஷன்களுக்கு, அதாவது ஹெர்னியா, மூலம், சிசேரியன், கால் எலும்பு மாதிரியானவற்றுக்கு, முதுகில் போடும் இந்த ஊசி நன்றாகவே போதும். தொண்டையில் குழாய் இறக்க வேண்டாம், ஆள் தானாகவே மூச்சு விடுகிறார், மருந்தும் இரண்டு மூன்று மில்லிதான். அப்பாவை உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு குனியச் சொல்லி, இடுப்புப் பக்கம் மெல்லிசான ஊசியில் போட்டார்கள். கால் சூடாகி, கனத்து, பத்து நிமிஷத்துக்குள் மரத்துப்போய்விட்டது. டாக்டர்கள் வீட்டு மனை விலை பேசிக்கொண்டதை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார், வெளியே வந்ததும் முதலில் சொன்னதே அதுதான். நடுவில் பிபி இறங்கித் தலை சுற்றியதாம், இந்த ஊசியில் அது சகஜம், டிரிப்ஸிலேயே மருந்து ஏற்றிச் சரிசெய்துவிட்டார்கள். மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார், அதற்காகவே மூன்று ஸ்டார்.

இப்போது குறை. மயக்க டாக்டர் வெளியிலிருந்து வருகிறவர், சின்ன ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் அப்படித்தான், அது தப்பில்லை. ஆனால் அவர் ஆபரேஷன் அன்று காலையில்தான் நோயாளியையே பார்க்கிறார் என்றால், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முன்னாடியே கேட்க ஆள் வேண்டாமா? பக்கத்துப் படுக்கைக்காரர் இதயத்துக்கு க்ளோபிடோக்ரல், அதாவது ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, சாப்பிடுகிறவர். அதை ஐந்தாறு நாள் முன்பே, இதய டாக்டரிடம் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டி நரம்பை அழுத்திவிடலாம். அன்றைக்குத்தான் தெரிந்தது, பட்டினி கிடந்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் அப்பாவுக்குச் சிறுநீர் பிரியவில்லை, வயிறு உப்பி ஒரே வேதனை. இது இந்த ஊசிக்கு அப்புறம் வரக்கூடியதுதான் என்று டியூப் போட்டபோது நர்ஸ் சொன்னார், அதையே மத்தியானம் சொல்லியிருந்தால் நாங்கள் இவ்வளவு பதறியிருக்க மாட்டோம். தலையணை வைக்கக் கூடாது என்று மட்டும் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்த ஊசிக்கு அப்புறம் சிலருக்குத் தலைவலி வரும், தட்டையாகப் படுப்பதால் அது வராமல் போகாது, ஊசி எவ்வளவு மெல்லிசு, நுனி எப்படி என்பதுதான் முக்கியம். உட்கார்ந்தால் மண்டை வெடிக்கிற மாதிரி வலித்து, படுத்தால் அடங்குகிற தலைவலி அடுத்த சில நாட்களில் வந்தால் உடனே வந்து சொல்லுங்கள் என்பதை யாருமே சொல்லவில்லை, நல்லவேளை அப்பாவுக்கு வரவில்லை.

போகிறவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: ஊசி சரியாகப் பிடிக்காவிட்டாலோ மருந்து நெஞ்சுப் பக்கம் மேலே ஏறி மூச்சு திணறினாலோ முழு மயக்கம் கொடுக்க ஆக்சிஜன், குழாய், மெஷின் எல்லாம் தியேட்டரிலேயே தயாராக இருக்கிறதா? இங்கே இருந்தது. மயக்க டாக்டர் ஃபீஸ் மட்டும் பேக்கேஜில் சேராது, தனியாக ரொக்கமாகக் கேட்டார்கள், ரசீதும் தரவில்லை.