ஹீல்ஸ் நடனம்: முதல் வகுப்பு எது, முதல் ஜோடி எது?

"தொடக்கநிலை, எல்லா உடல்வாகினருக்கும், தன்னம்பிக்கை வளரும்." ஹை ஹீல்ஸ் போட்டு ஆடும் ஹீல்ஸ் நடன வகுப்புகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும்தான் சொல்கின்றன. உள்ளே போனால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு வகுப்பில் 20 நிமிடம் நடையை மட்டும் சொல்லித் தருவார்கள். இன்னொன்றில் பத்தாவது நிமிடமே கோரியோ (பாட்டுக்கு அமைத்த நடனக் கோவை) ஓட ஆரம்பித்துவிடும். சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஒரு மணி நேரத்தில் நடைக்கு எத்தனை நிமிடம்? 15-க்குக் குறைவு என்றால், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அது புதியவருக்கான வகுப்பு இல்லை.

காரணம் கணுக்காலில் இருக்கிறது. அங்குள்ள தாலஸ் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். குதிகால் உயர்ந்தால் குறுகிய பகுதிதான் மூட்டுக்குள் வந்து உட்காரும். பிடிமானம் தளரும், கால் சட்டென்று மடங்கும். அந்தப் பயத்தில் கண் தரைக்குப் போகிறது. தலை குனிய, எடை முன்னால் சாய்கிறது, முழங்கால் மடங்குகிறது, பின்புறம் துருத்துகிறது. கண்ணாடியில் பார்த்து "என் உடம்புக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று நினைக்க வைப்பது பெரும்பாலும் இந்தத் தடுமாற்றம்தான், உடம்பு இல்லை.

லண்டன் பைனாப்பிள், நியூயார்க் பிராட்வே டான்ஸ் சென்டர், லாஸ் ஏஞ்சலஸ் மில்லேனியம் மாதிரி ஸ்டுடியோக்களில் வேரூன்றியது ட்ராப்-இன் முறை: அன்றைக்குக் காசு கட்டி அன்றைக்கு ஆடலாம். பல ஆசிரியர்களை ருசி பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் வாராவாரம் புதுப் பாட்டு, புது கோரியோ. போன வாரத்துப் பிழையைத் திருத்த இந்த வாரம் இடமிருக்காது. தவிர, "பிகினர்" என்று போட்ட வகுப்பிலும் பத்து வருடம் ஜாஸ் ஆடியவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குப் புதிது செருப்பு மட்டும்தான். கடைசியில் குழு குழுவாகப் பிரித்து வீடியோ எடுக்கும்போது, நாலு எட்டு கவுண்டில் பாதி மறந்துபோனவருக்கு நம்பிக்கை ஏறுவதற்குப் பதில் இறங்கும்.

6 முதல் 8 வாரக் கோர்ஸில் அதே முகங்கள், பெரும்பாலும் ஒரே பாட்டு. நல்ல கோர்ஸ் முதல் இரண்டு வாரத்தை வெறுங்காலிலோ ஸ்னீக்கரிலோ தொடங்கும். நடை இப்படிப் போகும்: எடை முன்பாதத்தின் மேல், அடிக்கு ஒரு பாத நீளம், அதற்கு மேல் வேண்டாம். முன்பாதம் முதலில் தொட, குதி மெல்ல இறங்க வேண்டும். எடை மாறும்போது அந்த முழங்கால் நேராகியிருக்க வேண்டும். முதலில் இரண்டு கவுண்டுக்கு ஓர் அடி, பிறகு ஒன்றுக்கு ஒன்று. குறை என்றால், பணம் மொத்தமாக முன்கூட்டியே போய்விடும்; ஒரு வாரம் விட்டால் தொங்கல். அப்படியிருந்தும் முதல்முறை வருபவருக்கு எங்கள் ஓட்டு கோர்ஸுக்குத்தான். ட்ராப்-இன் அதற்குப் பிறகு இனிக்கும்.

ஸ்டீஸி மாதிரி ஆன்லைன் தளங்களில் வேகத்தைக் குறைக்கலாம், முதுகுப்பக்கமிருந்து பார்க்கலாம், ஒரே துண்டைச் சுழற்றி ஓட்டலாம். யாரும் பார்க்கவில்லை என்பதே கூச்சப்படுகிறவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் மடங்கிய முழங்காலை யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். வீட்டு டைல்ஸ் வழுக்கும், கீழ்வீட்டுக்காரரும் மேலே வருவார். கோர்ஸுக்கு இடைப்பட்ட நாட்களில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். தனியாக இதை மட்டும் நம்புவது சரிவராது.

பாணியிலும் கவனம் தேவை. ஜாஸ் ஃபங்க் கலந்த வகுப்பில் நின்று ஆடுவது அதிகம். ஆரம்பத்துக்கு அதுவே நல்லது. சென்ஷுவல் வகை தரையில் உருளும்; முழங்கால் பேட் இல்லாமல் போகாதீர்கள். வோக் ஃபெம், நியூயார்க் ஹார்லெமின் பால்ரூமிலிருந்து (கறுப்பின, லத்தீன் LGBTQ சமூகத்தினரின் போட்டி விழாக்கள்) வந்த பாணி; கேட்வாக், டக்வாக், கை, சுழற்சியும் டிப்பும் (பின்னால் சாய்ந்து தரையில் விழுவது), தரை ஆட்டம் என்று அதற்கு ஐந்து அங்கம். டிப்பை முதல் மாதத்தில் ஹீல்ஸோடு போடச் சொல்லும் ஆசிரியரிடமிருந்து விலகுங்கள். ஆண்கள் தயங்க வேண்டியதில்லை: பிரெஞ்சு நடன அமைப்பாளர் யானிஸ் மார்ஷலின் ஆண்கள் குழு 2014-இல் ஹீல்ஸில் ஆடியே பிரிட்டன்ஸ் காட் டேலன்ட் டிவி போட்டியின் இறுதிச்சுற்று வரை போனது.

பரதம் கற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தாளமும் நினைவாற்றலும் கைகொடுக்கும். அரைமண்டியும் தட்டும் காலை வாரும். ஹீல்ஸில் ஓங்கித் தட்டினால் அதிர்ச்சி நேரே முழங்காலுக்குப் போகும்.

இனி ஜோடி. ஒல்லியான பென்சில் ஹீலா, தடித்த பிளாக் ஹீலா என்றால் யோசிக்கவே வேண்டாம், பிளாக்தான். 5 முதல் 7.5 செ.மீ. போதும். கணுக்கால் மூடிய பூட் சாண்டலைவிடப் பிடிமானம் தரும். சாண்டல்தான் வேண்டும் என்றால் கணுக்கால் ஸ்ட்ராப் கட்டாயம். உள்ளே ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம். உயரத்தைப் பார்த்து மிரளவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்: 15 செ.மீ. ஹீலில் முன்னால் 4.5 செ.மீ. பிளாட்ஃபார்ம் (முன்பாதத்துக்கு அடியில் தடித்த சோல்) இருந்தால் பாதம் சரிவது 10.5 செ.மீ.தான். ஆனால் தரை காலுக்குத் தெரியாது, அதனால் புதியவருக்கு அதுவும் வேண்டாம். ரப்பர் சோல் நடைக்கு நல்லது, சுழலும்போது தரையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பி முழங்கால் பின்தங்கினால் வலி நிச்சயம். சூயிட் (மென்மையான சொரசொரப்புத் தோல்) சோல் போட்ட லத்தீன் நடன ஷூ இதற்கு நேர் எதிர்: அழகாகச் சுழலும், ஈரம் பட்டால் பாழ். வெளியே போட்டு நடக்கக் கூடாது. மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும்.

வகுப்புக்கு முன்னால் பத்து நாள், வெறுங்காலில் ஒற்றைக்காலில், ஒவ்வொரு காலிலும் 30 விநாடி நில்லுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை, இரண்டு செட். கெண்டைக்கால் தயாராகும்.

சேரும் முன் இன்னும் மூன்று கேட்டுவிடுங்கள். வீடியோவுக்கு வேண்டாம் என்று சொல்லலாமா? ஒரு சுற்றாவது கண்ணாடிக்கு முதுகு காட்டி ஆட விடுவார்களா? திருத்தத் தொடும் முன் அனுமதி கேட்பார்களா? பதில் இழுத்தால் வேறு வகுப்பு பாருங்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் முன் ஹீலைத் திருப்பி அடியில் பாருங்கள். ரப்பர் தேய்ந்து உள்ளே ஆணி பளபளத்தால் அன்றைக்கு ஸ்னீக்கர். ஹீல் அடிக்குப் புது ரப்பரை எந்தச் செருப்பு தைப்பவரும் மாட்டித் தருவார்.